அசையும் துருவமும் அளந்த மாந்தரும்

நிலம் என்னும் சொல் 'நில்' என்னும் வேரினின்று கிளைத்தது என்பர் மொழிநூலார். காற்று அலையும், நீர் ஓடும், நிலம் நிற்கும் என்பது பன்னெடுங்காலத்து நம்பிக்கை. அந்நம்பிக்கையின்மேல்தான் ஊர் அமைத்தோம், எல்லைக் கல் நட்டோம், நிலப்படம் வரைந்தோம். மட்டாஞ்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 58 கலையில் அமைந்துள்ளது என்று நிலப்படம் கூறுகிறது. ஊர் பெயர்ந்து போவதில்லை. ஆதலால் அந்த எண்ணும் மாறுவதில்லை என்று கொள்வது இயல்பே.

ஆயின் அந்த எண் மாறுகிறது. ஒரு விகலையின் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்னும் நுண்ணிய அளவில், ஏறியும் இறங்கியும், ஏறத்தாழப் பதினான்கு மாதங்களுக்கு ஒரு சுற்றாக மாறிக்கொண்டே இருக்கிறது. பூமி எந்த அச்சைப் பற்றிச் சுழல்கிறதோ, அந்த அச்சு பூமியின் உடலுக்குள்ளேயே தள்ளாடுவதுதான் காரணம். அச்சின் நுனியாகிய துருவம் இடம் மாறும்போது, அதை வைத்து அளக்கப்படும் ஒவ்வோர் ஊரின் அட்சரேகையும் உடன் மாறுகிறது. ஒரு விகலையின் பத்தில் ஒரு பங்கு என்பது தரையில் 3 மீட்டர். தள்ளாட்டம் மிகுந்த ஆண்டுகளில் துருவம் 10 முதல் 15 மீட்டர் வரை குறுக்களவு உள்ள ஒரு வட்டத்தை வரைகிறது. நம் வீட்டு முற்றத்தைவிடச் சற்றே பெரிய வட்டம், அவ்வளவே.

இச்சிறு தள்ளாட்டத்தைக் கண்டறிந்த வரலாறும், அதனை எண்ணால் வசப்படுத்த முயன்ற புள்ளியியலின் வரலாறும் தொலைதூர நாடுகளுக்கே உரியவை போலத் தோன்றும். எனினும் அவ்வரலாற்றின் இழைகள் சில சென்னையிலும் சிம்லாவிலும் நம் கொச்சித் துறைமுகத்திலும் ஓடுகின்றன. அவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வாய்பாடு சொல்வதைவிடக் கண் கண்டதை நம்பியவர்களும், கண்டதில் எஞ்சிய பிழையை மறைக்காமல் எழுதிவைத்தவர்களுமே இத்துறையை வளர்த்தனர்.

இரு வேறு அசைவுகள்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கமுடைய நம்மவர்க்கு அயன சலனம் புதிதன்று. பம்பரம் தளர்ந்து சுழலுங்கால் அதன் தலை மெல்ல வட்டமிடுவது போல, பூமியின் அச்சு விண்மீன்களுக்கிடையே ஏறத்தாழ 26,000 ஆண்டுகளில் ஒரு வட்டமிடுகிறது. இதன் விளைவை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. மேட ராசியில் ஞாயிறு புகும் நாளாகக் கொண்டு கேரள மக்கள் விஷுவும் நாம் சித்திரைப் புத்தாண்டும் கொண்டாடுவதோ ஏப்ரல் 14 அளவில். ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன. இடைப்பட்ட 24 நாள் வேறுபாடு அயன சலனத்தால் நேர்ந்தது.

நாம் பேச எடுத்துக்கொண்ட தள்ளாட்டம் அதனின் வேறானது. அயன சலனத்தில் அச்சும் பூமியும் சேர்ந்தே சாய்கின்றன. துருவம் அமைந்த பனிப்பாறை மாறுவதில்லை. தள்ளாட்டத்தில் பூமியின் உடலுக்கும் அச்சுக்கும் இடையிலேயே பிணக்கு. நேற்றுத் துருவமாக இருந்த இடம் இன்று துருவம் அன்று. முன்னதற்குக் காரணம் ஞாயிறும் திங்களும் ஈர்க்கும் ஈர்ப்பு. பின்னதற்குக் காரணம் பூமிக்குள்ளும் பூமியின் மேலும் நிகழும் எடைப் பெயர்ச்சி. முன்னது ஒழுங்கானது, நூற்றாண்டுகளுக்கு முன்கூட்டிக் கணித்துவிடலாம். பின்னது ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்தது. அதனாலேயே அதற்குப் புள்ளியியலின் துணை வேண்டியதாயிற்று.

திருக்கணிதம் என்னும் சொல்

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இருவகை நம் இல்லங்களில் வழங்குகின்றன. எந்நாளில் விரதம், எந்நேரத்தில் திதி என்று இவ்விரண்டுக்கும் வேறுபாடு நேரும்போது குடும்பத்துள் வாதம் எழுவதும் உண்டு. திருக்கணிதம் என்பதிலுள்ள 'திரு' மங்கலச் சொல் அன்று. காணுதல் என்னும் பொருளுடைய வடசொல்லே அவ்வாறு திரிந்து நின்றது. கண்ணால் கண்டு சரிபார்த்த கணிதம் என்பது அதன் பொருள். வாக்கியமோ முன்னோர் தொகுத்து வைத்த வாய்பாட்டைப் பின்பற்றுவது.

இந்தக் கருத்துக்கு நாம் வாழும் இம்மலையாள மண்ணில் ஆழ்ந்த வேர் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமக்கிராமத்து மாதவனுடைய ஊர் கொச்சிக்கு வடக்கேயுள்ள இரிஞ்ஞாலக்குடை என்று பெரும்பாலோர் கருதுவர். அவருடைய மாணவர் பரமேசுவரன் பாரதப்புழைக் கரையில் வாழ்ந்தவர். ஐம்பத்தைந்து ஆண்டுக்காலம் கிரகணங்களையும் கோள்நிலைகளையும் கண்டு குறித்து, பழைய கணிதம் வானத்தோடு பொருந்தாமை உணர்ந்து, 1431ஆம் ஆண்டில் 'திருக்கணிதம்' என்னும் நூலையே அவர் இயற்றினார். அம்மரபில் பின்வந்த நீலகண்ட சோமயாஜி, காலந்தோறும் கண்டு கணிதத்தைத் திருத்துவதே முறை என்று வாதிட்டார். இதே மரபின் 'யுக்திபாஷா' என்னும் மலையாளக் கணித நூலின் முதற்பகுதியைக் கொச்சி அரச குடும்பத்து இராமவர்ம தம்புரானும் அகிலேசுவர ஐயரும் 1948இல் திருச்சூரில் பதிப்பித்தனர்.

தமிழகத்தில் இக்கருத்தைப் புதுப்பித்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் முதல் உதவியாளராகப் பணியாற்றி, 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அப்பெரியார், திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு வழக்கில் கொணர முனைந்தார். வாய்பாட்டுக்கும் காட்சிக்கும் நடந்த இவ்வழக்கு நம் நாட்டுக்கே உரியதன்று. துருவத் தள்ளாட்டத்தின் வரலாறும் அதே வழக்குத்தான்.

பத்து மாதமா, பதினான்கு மாதமா?

சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை ஆய்லர், சுழலும் திண்பொருள்களின் இயக்கத்தை 1765இல் விரிவாக ஆராய்ந்தார். துருவப் பகுதியில் சற்றே தட்டையான பூமி, தன் வடிவத்தின் அச்சினின்று சிறிதேனும் விலகிச் சுழலுமாயின், சுழலச்சு வடிவ அச்சைச் சுற்றி வட்டமிட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. பூமியின் தட்டைமைக்கு ஏற்பக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்கு 305 நாள், அதாவது பத்து மாதம் ஆகும். கணக்கு குற்றமற்றது. அதை நம்பி உருசியாவில் பீட்டர்சு, பிரிட்டனில் மாக்சுவெல் முதலியோர் அட்சரேகையில் பத்து மாத மாற்றத்தைத் தேடினர். ஐயமறக் கண்டார் எவருமிலர்.

1884, 1885 ஆண்டுகளில் பெர்லினில் வேறொன்றை அளந்துகொண்டிருந்த குசுட்னர், தம் வானாய்வகத்தின் அட்சரேகையே மாறியிருப்பதைக் கண்டு 1888இல் வெளியிட்டார். உண்மையை உறுதிசெய்ய ஓர் அழகிய ஏற்பாடு செய்தனர். பெர்லினுக்கு ஏறக்குறைய நேர் எதிர்த் தீர்க்கரேகையிலுள்ள ஹவாய்த் தீவின் ஹோனலூலுவுக்கு 1891இல் ஒரு குழு சென்றது. துருவம் பெர்லினை நோக்கி வந்தால் ஹோனலூலுவை விட்டு விலகவேண்டும் அன்றோ? அவ்வாறே பெர்லினில் அட்சரேகை ஏறியபோது ஹோனலூலுவில் இறங்கியது. துருவம் அசைவது ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

அவ்வசைவின் காலத்தைக் கண்டவர் அமெரிக்கராகிய சேத் கார்லோ சாண்ட்லர். அவர் ஆயுள் காப்பீட்டுக் கணக்கியலில் பிழைப்பு நடத்தியவர். விண்மீனைப் பார்ப்பது அவருக்கு விருப்பத் தொழில். மனிதர் எத்தனை ஆண்டு வாழ்வர் என்று ஒருவரைப் பற்றியும் உறுதி கூற முடியாது. பல்லாயிரவரைப் பற்றிக் கூற முடியும். இந்த அறிவே காப்பீட்டுக் கணக்கின் உயிர். அதே மனப்பான்மையுடன் அவர், ஆய்லரின் கோட்பாடு என்ன கூறுகிறது என்பதை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பற்பல வானாய்வகங்களில் சேர்ந்திருந்த பழைய குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1891இல் அவர் அறிவித்த சுழற்சிக்காலம் 427 நாள். மறு ஆண்டு, அதனோடு பன்னிரண்டு மாதச் சுழற்சி ஒன்றும் கலந்திருப்பதைக் காட்டினார். இவ்விரண்டும் ஒருசமயம் கூடியும் ஒருசமயம் கழிந்தும் நிற்பதால், ஏறத்தாழ ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை தள்ளாட்டம் பெருகிச் சுருங்குகிறது.

அக்காலத்து அமெரிக்க வானியலார் தலைவர் நியூகோம் முதலில் இதை ஏற்கவில்லை. இயக்கவியலுக்கு முரண் என்றார். ஆயினும் விரைவிலேயே காரணத்தையும் அவரே கண்டார். ஆய்லர் கணக்கிட்டது இரும்புக் குண்டு போன்ற பூமிக்கு. உண்மைப் பூமியோ மீள்தன்மை உடையது, கடலும் உடையது. அச்சு விலகும்போது பூமியும் சிறிது இணங்கிக் கொடுக்கிறது; அதனால் சுற்று நீள்கிறது. வாய்பாட்டுக்கும் காட்சிக்கும் இடையே நின்ற நான்கு மாத வேறுபாடு, பூமியின் உட்புறத்தைப் பற்றிய புதிய செய்தியாக மாறியது. கண்டதை வாய்பாட்டுக்காகத் தள்ளியிருந்தால் அச்செய்தி நமக்குக் கிட்டியிராது.

ஆறு நிலையங்களும் ஒரு எச்சமும்

1899இல் அனைத்துலக அட்சரேகைப் பணி தொடங்கியது. வடக்கு 39 பாகை 8 கலை என்னும் ஒரே கோட்டில் ஆறு நிலையங்கள் அமைந்தன. சப்பானில் மிசுசவா, உருசியத் துருக்கித்தானத்தில் சார்ஜுய், இத்தாலியில் கார்லோபோர்த்தே, அமெரிக்காவில் கெய்தர்சுபர்க், சின்சினாட்டி, யூக்கியா என்பன அவை. ஒரே கோட்டில் இருந்தமையால் எல்லா நிலையங்களும் அதே விண்மீன்களைப் பார்த்தன. விண்மீன் அட்டவணையிலுள்ள பிழை எல்லோரையும் ஒரே அளவில் பாதித்தது. ஆதலால் ஒப்பிடும்போது நீங்கிற்று. போரும் பொருள் முடையும் சில நிலையங்களைக் காலந்தோறும் மூடச் செய்தன. ஆயினும் பணி எண்பது ஆண்டுக்கு மேல் நடந்தது.

அதன் தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. சப்பான் நிலையத்தின் அளவைகள் பொருந்தவில்லை என்று செர்மனியிலிருந்த நடுவ அலுவலகம் குறைகூறியது. நிலையத் தலைவர் கிமுரா தம் கருவியைச் சோதித்தார், குற்றமில்லை. பின்னர் எல்லா நிலையங்களின் எச்சங்களையும் எடுத்து நோக்கினார். கணக்கு விளக்கியது போக மிஞ்சி நின்ற சிறு வேறுபாடுகளே எச்சம் எனப்படும். அவ்வெச்சம் தம் நிலையத்துக்கு மட்டுமன்றி எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக இருப்பதை உணர்ந்து, 1902இல் சமன்பாட்டில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்த்தார். அளவைகள் பொருந்தின. அவ்வுறுப்பின் காரணம் நெடுங்காலம் புலப்படவில்லை. 1970இல், அதே மிசுசவா நிலையத்தைச் சார்ந்த வாகோ, பூமியின் நீர்ம உட்கருவால் அச்சின் நடுக்கத்தில் நேரும் ஒரு சிறு வேறுபாடே அது என்று விளக்கினார். குறையென்று கூறப்பட்ட எச்சத்தை அழிக்காமல் அறுபத்தெட்டு ஆண்டு காத்துவைத்ததன் பயன் அது.

சிம்லாவிலிருந்து வந்த சமன்பாடு

சாண்ட்லர் கண்ட சுழற்சி பின்னர் ஒரு புதிராக மாறியது. 1920களில் தள்ளாட்டம் மிகச் சுருங்கியது. மீண்டும் வளர்ந்தபோது அதன் போக்கு முன்னதோடு இயையவில்லை, கடிகாரத்தை யாரோ திருப்பிவைத்தது போல. ஒரே சுழற்சியா, பல சுழற்சிகளா என்று அறிஞர் வாதிட்டனர். இப்புதிருக்கான திறவுகோல் வானியலிலிருந்து வரவில்லை.

பிரிட்டனின் புள்ளியியல் அறிஞர் உட்னி யூல் 1927இல் ஞாயிற்றின் கரும்புள்ளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். அதில் அவர் கூறிய உவமை புகழ் பெற்றது. ஓர் ஊசல் ஆடுகிறது. அதன் அசைவை அளப்பவர் கண் பிழைத்தால், ஊசல் ஒழுங்காகவே ஆடும். குறிப்பில் மட்டும் பிழை நேரும். ஆனால் சிறுவர் சிலர் அறைக்குள் புகுந்து பட்டாணியை ஊசல்மேல் எறியத் தொடங்கினால்? ஊசல் இன்னமும் வழவழப்பாகவே ஆடும். ஆயின் அதன் வீச்சும் போக்கும் மெல்ல மெல்ல மாறும். பிழை இப்போது அளப்பவரிடத்தில் இல்லை. இயக்கத்தின் உள்ளேயே கலந்துவிட்டது. இவ்வகை இயக்கத்தில், இன்றைய நிலை என்பது முந்திய நிலைகளின் ஒரு பங்கும், புதிதாக விழுந்த ஓர் எறியும் சேர்ந்தது.

யூலின் முறையை விரிவாக்கிப் பொதுமைப்படுத்தியவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்தியாவில் வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராகச் சிம்லாவிலிருந்து பணியாற்றியவர் அவர். கொடைக்கானல் வானாய்வகமும் அத்துறையின் ஆளுகையில் இருந்தது. பருவமழை பொய்த்தால் பஞ்சம் என்றிருந்த நாட்டில், மழையை முன்கூட்டிச் சொல்லும் வழி தேடி, இந்திய எழுத்தர் பலரைக் கொண்டு உலகின் பல ஊர்களது காற்றழுத்தம், மழை, வெப்பம் ஆகியவற்றின் தொடர்பைக் கணக்கிட்டார். தென் அலைவு என்று இன்று உலகம் கூறும் வானிலை நிகழ்வைக் கண்டறிந்து பெயரிட்டவர் அவரே. நாடு திரும்பிய பின், ஆத்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக் காற்றழுத்தக் குறிப்பை வைத்து 1931இல் அவர் எழுதிய கட்டுரையினால், அச்சமன்பாடுகள் யூல்-வாக்கர் சமன்பாடுகள் எனப் பெயர் பெற்றன.

இந்த வாக்கருக்குத் தமிழர் நன்றி பாராட்டவேண்டிய வேறொரு காரணமும் உண்டு. 1913 பிப்ரவரியில் அவர் சென்னை வந்தபோது, துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராயிருந்த இராமானுசனின் கணிதக் குறிப்புகளை அவரிடம் காட்டினர். அதன் அருமையை உணர்ந்த வாக்கர், அவ்விளைஞர்க்கு உதவவேண்டுமென்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. இராமானுசன் எழுத்தர் பணியினின்று விடுபட்டார்.

கணக்குக்குள் பிழைக்கும் இடம்

யூல் காட்டிய ஊசல் துருவத்துக்கு எவ்வாறு பொருந்தும்? கேம்பிரிட்சில் இருந்த ஹெரால்டு செப்ரீசு 1940இல் அதைப் பொருத்திக் காட்டினார். துருவத்தின் தள்ளாட்டம், தானே தணியும் இயல்புடைய ஓர் ஊசலாட்டம். இடைவிடாது விழும் சிற்றெறிகள் அதைத் தணியவிடாமல் காக்கின்றன. இதை இல்லத்தில் உள்ளோர்க்கும் விளங்கும் வகையில் சொல்லலாம். சென்ற மாதம் துருவம் நின்ற இடத்தை எடுத்துக்கொள்க. சராசரி நடுப்புள்ளியைச் சுற்றி அதை 25 பாகை திருப்புக. விலக்கத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைக்க. பின்னர் எத்திசையில் எவ்வளவென்று முன்னறிய முடியாத ஒரு சிறு உதைப்பைக் கூட்டுக. அதுவே இம்மாதத்து இடம். திருப்பும் கோணம் சுழற்சிக்காலத்தைத் தரும். குறைக்கும் பங்கு தணிவைத் தரும். உதைப்பின் பரும அளவு, பூமியை அலைக்கும் ஆற்றலைத் தரும். தள்ளாட்டம் 1920களில் சுருங்கியதையும் போக்கு மாறியதையும் விளக்கப் புதுச் சுழற்சிகள் தேவையில்லை. எறிகள் அவ்வாறு விழுந்தன என்பதே போதும்.

சொல்வதற்கு எளிது, குறிப்பேட்டிலிருந்து அம்மூன்று அளவுகளையும் பெறுவது அரிது. சோவியத்துக் கணித மேதை கொல்மகோரவ், அராத்தோ, சினாய் ஆகியோருடன் சேர்ந்து 1962இல் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். பின்வந்தோருள் வில்சன், விசெந்தே என்னும் இருவர் 1990இல் வெளியிட்ட முடிவு மிகுதியும் எடுத்தாளப்படுவது. சுழற்சிக்காலம் 433 நாள். அதில் பிழை ஏறத்தாழ ஒரு நாள். தணிவைக் குறிக்கும் எண் 179. ஆயின் அது 74ஆகவும் இருக்கலாம், 789ஆகவும் இருக்கலாம். எறி விழுவது நின்றுவிட்டால் தள்ளாட்டம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தேய்வதற்கு 68 ஆண்டு ஆகும் என்பது இதன் பொருள். ஆனால் 28 ஆண்டில் தேய்ந்தாலும் 300 ஆண்டு பிடித்தாலும் வியப்பில்லை என்பதையும் அதே முடிவு கூறுகிறது.

தொண்ணூறு ஆண்டு விண்மீன் பார்த்த பின்னும் இவ்வளவுதானா என்று சிலர்க்குத் தோன்றலாம். அவ்வாறு எண்ணுவது தகாது. மெல்லத் தணியும் ஒன்றின் தணிவை அறிய, அத்தணிவைப்போல் பன்மடங்கு நீண்ட குறிப்பேடு வேண்டும். அது நம்மிடம் இல்லை. இல்லாததை இல்லையென்று எண்ணாலேயே எழுதிக்காட்டுவது புள்ளியியலின் நேர்மை.

எறிபவர் யார்? நெடுங்காலம் நிலநடுக்கத்தின்மேல் ஐயம் இருந்தது. நாசாவைச் சேர்ந்த ரிச்சர்டு கிராசு 2000ஆம் ஆண்டில், 1985 முதல் 1996 வரையுள்ள அளவைகளை ஆராய்ந்து, காற்றும் கடலுமே முதன்மைக் காரணம் என்றும், அவற்றுள்ளும் கடலடியில் ஏறியிறங்கும் நீரழுத்தமே பெரும்பங்கு என்றும் காட்டினார். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவில் எழுந்து, நாகப்பட்டினத்திலும் கேரளக் கரையிலும் உயிர்களைக் கொண்டுபோன ஆழிப்பேரலையின் நிலநடுக்கம்கூட, துருவத்தை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் மட்டுமே பெயர்த்திருக்கும் என்று கிராசும் சாவோவும் கணித்தனர். மீட்டர்க் கணக்கில் அலையும் துருவத்தில் அதைத் தனியே பிரித்துக் காண்பது அரிது.

கொச்சியின் குறிப்பேடு

இனி நம் ஊருக்கு வருவோம். துருவம் பெயரும்போது சுழற்சியால் எழும் மையவிலக்கு விசையும் சிறிது மாறுகிறது. கடல் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. இதைத் துருவ ஓதம் என்பர். 45 பாகை அட்சரேகையில் இது மிகுதி. அங்கும் சாண்ட்லர் சுழற்சியால் அரை சென்டிமீட்டர் அளவே. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். கொச்சியில் அதன் மூன்றில் ஒரு பங்கு. அதாவது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு.

1920களிலும் 1930களிலும் பிரிசுடோவின் முயற்சியால் காயலைத் தோண்டிய மண்ணைக் கொண்டு எழுப்பப்பட்டது வில்லிங்டன் தீவு. அங்குள்ள ஓதமானி 1939 முதல் கடல் மட்டத்தைக் குறித்துவருகிறது. வட இந்தியப் பெருங்கடலில் இத்துணை நீண்ட குறிப்பேடுகள் சிலவே. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் உன்னிகிருட்டிணனும் சங்கரும் 2007இல் இத்தகைய குறிப்பேடுகளை ஆராய்ந்தபோது, கொச்சியில் கடல் மட்டம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் இரண்டுக்குள்ளுமாக உயர்ந்து வந்திருப்பதைக் கண்டனர்.

ஓராண்டு உயர்வும் துருவ ஓதமும் ஏறக்குறைய ஒரே அளவின என்பதை நோக்குக. தென்மேற்குப் பருவக்காலத்தில் இக்கரையில் கடல் மட்டம் பல சென்டிமீட்டர் தாழ்கிறது, பின் உயர்கிறது. இவற்றுக்கிடையே ஒரு மில்லிமீட்டரைத் தேடுகிறோம். ஒரு மாதம் உயர்ந்த கடல் மறுமாதமும் உயர்ந்தே நிற்க விழையும். ஆதலால் பன்னிரண்டு மாதக் குறிப்பு பன்னிரண்டு தனிச்சான்று ஆகாது. இந்நினைவைக் கணக்கில் கொள்ளாவிடில், அறிந்ததைவிட மிகுதியாக அறிந்ததாக எண்ணிவிடுவோம். இங்கும் யூல்-வாக்கர் வழிவந்த முறைகளே துணை. சில ஆண்டுக் குறிப்பை மட்டும் வைத்துக் கடல் ஏறுகிறது, இறங்குகிறது என்று உரைப்பது வீண். பல பத்தாண்டுக் குறிப்பு வேண்டும். இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. வேலியேற்றத்தின்போது வாசற்படியில் உப்புநீர் காணும் மட்டாஞ்சேரி, வைப்பின், செல்லானம் மக்களின் வீட்டுத் தளத்தை எவ்வளவு உயர்த்துவது, கரையை எவ்வளவு கட்டுவது என்பதெல்லாம் அந்த மில்லிமீட்டரைப் பொறுத்தவை.

கிணற்று நீரும் துருவமும்

சுழன்றாடும் தள்ளாட்டத்தோடு, துருவத்துக்கு மெதுவான ஒருமுக நகர்ச்சியும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் கனடாவை நோக்கிச் சென்றது. 2000ஆம் ஆண்டையொட்டி அது கிழக்கே திரும்பியது. உருகும் பனிப்பாறைகளோடு, இந்தியத் துணைக்கண்டமும் காசுபியக் கடற்பகுதியும் இழந்த நீரையும் சேர்த்தால்தான் இத்திருப்பம் விளங்கும் என்று அதிகாரி, ஐவின்சு ஆகியோர் 2016இல் காட்டினர். 2023இல் தென்கொரியாவின் கி-வொன் சியோ குழுவினர் மேலும் ஒரு கணக்கை வெளியிட்டனர். 1993 முதல் 2010 வரை மாந்தர் நிலத்தடியிலிருந்து இறைத்த நீர் ஏறத்தாழ 2,15,000 கோடி டன். அந்நீர் இறுதியில் கடலை அடைந்து அதன் மட்டத்தை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உயர்த்தியதோடு, துருவத்தையும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் பெயர்த்தது. நிலத்தடி நீரைச் சேர்க்காத கணக்கு, கண்ட நகர்ச்சியோடு பொருந்தவில்லை, சேர்த்தபோது பொருந்தியது. கிமுராவின் எச்சம் போல, இங்கும் எஞ்சி நின்ற வேறுபாடே உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

இதில் பெரும்பங்கு வடமேற்கு இந்தியாவுக்கும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும் உரியது. மிகுதியாக இறைத்தது ஒரு காரணம். துருவத்தைப் பெயர்க்கும் வலிமை 45 பாகையை நெருங்க நெருங்க மிகுவது மற்றொரு காரணம். நம் கோவை, சேலம் மாவட்டங்களில் ஆயிரம் அடியையும் தாண்டித் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர், அதே விதிப்படி, துருவத்தைச் சிறிதளவே அசைத்திருக்கும். ஆயினும் இறைத்த நீர் கடலில் சேர்ந்தது சேர்ந்ததே. கிணறு வற்றியதால் ஊர்விட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அக்கிணற்று நீரின் ஒரு பங்கு, நாம் வந்து வாழும் இக்கரையின் கடலிலும் கலந்திருக்கிறது.

நம் கடன்

இன்று துருவத்தின் இடத்தை விண்வெளி அலைவாங்கிகளும் செயற்கைக்கோள்களும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த பிழையுடன் அளக்கின்றன. அனைத்துலகப் பூமிச் சுழற்சிப் பணி 1988 முதல் நாள்தோறும் அதை வெளியிடுகிறது. கையிலுள்ள தொலைபேசி வழிகாட்டுவதும் அந்த எண்ணின் துணையால்தான். ஆயினும் 2010களின் பிற்பகுதியில் சாண்ட்லர் தள்ளாட்டம் முன் எப்போதும் இல்லாத அளவுக்குச் சுருங்கியதை முன்கூட்டி உரைக்க, அத்துணைக் கருவிகளாலும் இயலவில்லை. கருவி பெருகினும் எறிகள் எப்படி விழும் என்பது தெரியாது. எனவே தொடர்ந்து பார்ப்பதும் எழுதுவதும் ஒழிவதில்லை.

கொச்சிவாழ் தமிழ்க் குடும்பங்களின் இளைஞர்க்கு இவ்வரலாறு கூறும் செய்தி எளியது. பாரதப்புழைக் கரையில் ஐம்பத்தைந்து ஆண்டு கிரகணம் பார்த்த பரமேசுவரனும், மிசுசவாவில் தம் எச்சத்தை எழுதிவைத்த கிமுராவும், வில்லிங்டன் தீவில் நாள்தோறும் கடல் மட்டம் குறித்துவைத்த பெயரறியா ஊழியரும் ஒரே தொழிலைச் செய்தவர்கள். அவர்கள் எழுதிய எண்கள் அன்று யாருக்கும் பயன்பட்டதாகத் தோன்றவில்லை. பின்வந்தோர் அவற்றின்மேல்தான் நிற்கின்றனர். அறிவியல் பயிலும் நம் மாணவர் பெரிய கருவிக்கும் பெரிய ஊருக்கும் காத்திருத்தல் வேண்டா. கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து குறிக்கலாம். வேலியேற்றத்தில் நீர் எந்தப் படிவரை வந்தது என்று நாளிட்டு எழுதலாம். பொருந்தாத எண்ணையும் அடிக்காமல் எழுதி வைப்பாராக. அதன் பொருளைக் காணப் பின்னொருவர் வருவார்.